வாழையை முறித்த காற்று கடலில் பிறக்கவில்லை

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே இரண்டு ஏக்கரில் நேந்திரன் வைத்திருக்கிறேன். சித்திரைக் கடைசியில் ஒரு மாலை கால் மணி நேரம் அடித்த சூறைக்காற்றில், தார் விட்ட மரங்களில் பாதி முறிந்துவிட்டன. அன்று கடலில் புயல் எதுவும் இல்லை என்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் ஓர் இலைகூடக் கிழியவில்லை. மேற்கு வேலியோரம் உயரமாகத் தகரம் அடித்துவிட்டால் அடுத்த முறை தப்பிக்கலாமா?

பதில்: தகரத்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அறுவடைக்கு நிற்கும் வாழை கண்ணெதிரே முறிவது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் அடித்த காற்று மேற்கிலிருந்து வந்ததல்ல, மேலிருந்து இறங்கியது.

புயல் வேறு. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகித் தரும் வெப்பத்தில் அது வளர்கிறது. நடுவில் காற்றழுத்தம் குறைய, சுற்றிலுமுள்ள காற்று அதை நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சியால் திசை விலகி, நம் பக்கத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் வானிலைத் துறை அதற்குப் புயல் என்று பெயர் சொல்லும். கரை ஏறியதும் கடல்நீர் என்ற தீனி நின்றுபோவதாலும், தரையின் உராய்வாலும் அது தளர்ந்துவிடும். 2018 நவம்பரில் டெல்டாவின் தென்னந்தோப்புகளை அழித்த கஜா புயலும் மேற்கே நகர நகர வலுவிழந்தது. கொங்குப் பகுதிக்குப் புயல் பெரும்பாலும் மழையாகத்தான் வந்து சேர்கிறது.

சித்திரை, வைகாசியில் நம்மை அடிப்பது இடிமழை மேகம். பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து சூடான ஈரக்காற்று மேலெழுந்து, பன்னிரண்டு கிலோமீட்டரையும் தாண்டி மேகமாக நிற்கிறது. அதற்குள் திரண்ட மழைத்துளியும் ஆலங்கட்டியும் விழும்போது காற்றையும் கீழே இழுத்து வருகின்றன. மேகத்துக்குக் கீழே காற்று வறண்டிருப்பதால் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அதில் காற்று சட்டென்று குளிர்ந்து கனமாகி, இன்னும் வேகமாக இறங்குகிறது. குடத்து நீரைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தால் நாலாபுறமும் சிதறுமல்லவா, அப்படித்தான் அந்தக் குளிர்காற்று தரையில் மோதிச் சிதறி ஓடுகிறது. மழைக்கு முன்னே புழுதியோடு சில்லென்று வந்து முகத்தில் அடிக்கும் காற்று இதுதான். வலுவாக இறங்கினால் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டவும் செய்யும். ஆனால் பரப்பு சில கிலோமீட்டர்தான், சில சமயம் அதுவும் இல்லை. ஆயுளும் சில நிமிடங்களே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தப்பியதற்கு இது ஒரு காரணம். அங்கே மரங்கள் இன்னும் தார் விடாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு காரணம்: தலையில் பத்துப் பன்னிரண்டு கிலோ தொங்கும் மரமும், வெறும் இலையோடு நிற்கும் மரமும் ஒரே காற்றை ஒரே மாதிரி தாங்காது.

இந்த இறங்குகாற்றைத் தனியாக அடையாளம் கண்டவர் ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானிலை ஆய்வாளர் ஃபூஜிட்டா. 1974இல் சுழற்காற்று அழிவுகளை விமானத்திலிருந்து பார்த்தபோது, சில இடங்களில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கி விரிந்து கிடப்பதைக் கவனித்தார். சுழன்ற காற்று அப்படிச் சாய்க்காது. மரங்களை அப்புறப்படுத்துமுன் நீங்களும் தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் நின்று, தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் காற்று எங்கே இறங்கியது என்பது பிடிபடும். இழப்பீட்டுக்குப் படம் எடுப்பதையும் அப்போதே முடித்துவிடலாம்.

அடுத்த மேகம் எந்தப் பக்கம் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மேற்கை மட்டும் அடைத்து என்ன பயன்? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே நெருக்கியடித்து வரும் மேற்குக் காற்றுக்கு வேலி உதவும். ஆனால் அதற்கும் தகரம் ஆகாது. அதன் மேல் ஏறிக் குதிக்கும் காற்று பின்னால் சுழன்று கூடுதலாக உலுக்கும். பாதிக் காற்றையாவது ஊடுருவ விடும் சவுக்கு இரண்டு வரிசை போதும். 20 அடி வளர்ந்தால் ஏறக்குறைய 200 அடி தூரத்துக்குக் காற்று தணியும்.

இறங்குகாற்றுக்கு முட்டுதான் வழி. பூ வெளிவந்ததுமே கொடுங்கள். தார் முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், அரைகுறைக் கட்டு நிற்காது. சாயும் பக்கத்தில் சவுக்குக் கம்பை ஊன்றித் தாருக்குக் கீழே கட்டுங்கள். கம்பு கட்டுப்படியாகாவிட்டால், தாருக்குக் கீழே கட்டிய கயிற்றின் மறுமுனையை எதிர் வரிசை மரத்தின் அடியில் கட்டலாம். ஒரு கயிறு ஒரு திசைச் சாய்வைத்தான் தடுக்கும், அதனால் எதிர்ப்பக்கமும் இன்னொன்று கட்டுங்கள். அடியில் மண் அணைத்து வையுங்கள். இடிமழை எச்சரிக்கை உள்ள நாளில் தண்ணீர் பாய்ச்சாதீர்கள், ஊறிய மண்ணில் வேர் பிடிக்காது. ஆவணி, புரட்டாசியில் நட்டால் சரியாகக் கோடை மழைக் காலத்தில் தார் தொங்கும். நடவை முன்பின் தள்ள முடியுமா என்று உங்கள் சந்தைக் கணக்கோடு பாருங்கள். முடிந்தால் ஒரு ஏக்கரையாவது மாற்றி நடுங்கள்.

எச்சரிக்கை பல நாள் முன்பே கிடைக்காது. வானிலைத் துறை மூன்று மணி நேரத்துக்கு மாவட்டவாரியாகத் தரும் அறிவிப்பைத்தான் பிற்பகலில் பார்க்க வேண்டும். மின்னல் எங்கே விழுகிறது என்பதைத் தாமினி செயலி காட்டும். இடிச்சத்தம் கேட்டுவிட்டால், அல்லது புழுக்கம் சட்டென்று நின்று குளிர்காற்று பட்டால், கட்டாத மரம் எத்தனை மிச்சமிருந்தாலும் கயிற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். மோட்டார் அறையோரமும் மரத்தடியும் ஒதுங்கும் இடமல்ல.