ஃபோகாஸ் குடும்பம்: கேள்வி-பதில்

கேள்வி: பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், அரியணை வரை ஏறிய ஃபோகாஸ் குடும்பம் அழிந்ததற்கு, தியோபானோ என்ற பெண்ணின் துரோகம்தானே காரணம்?

பதில்: இல்லை. குடி கெட்டால் வாழவந்தவள் தலையில் பழியைப் போடுவது பழைய வழக்கம். வரலாற்றிலாவது அதை விட்டுவிடுவோம்.

கொலை நடந்தது உண்மை. 969 டிசம்பர், பனி கொட்டிய இரவு. கூடையில் உட்காரவைத்துக் கயிற்றால் மேலே இழுக்கப்பட்ட கொலைகாரர்கள் படுக்கையறைக்குள் நுழைந்தால், கட்டில் காலி! அகப்பட்டுக்கொண்டோம் என்று நடுங்கியவர்களுக்கு அரண்மனை ஆள் ஒருவன் மூலையைக் காட்டினான். பேரரசர் நிக்கெபோரஸ் ஃபோகாஸ் தரையில் தோல் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தியோபானோவும் உடந்தை என்று அக்கால வரலாறுகள் சொல்கின்றன. சரி, வாளோடு வந்த ஜான் ட்சிமிஸ்கஸ் யார்? நிக்கெபோரஸின் கூடப்பிறந்தவள் மகன். அவருக்கு மணிமுடி கிடைத்தது, தியோபானோவுக்குத் தீவாந்தரம்.

குடும்பம் அன்றிரவு முடிந்துவிடவும் இல்லை. நிக்கெபோரஸின் தம்பி லியோவின் மகன் பார்தாஸ் 987-ல் தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்டார். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது? இன்றைய துருக்கியின் நடுவே கப்படோக்கியாவில் இருந்த நிலத்திலிருந்து. தலைமுறை தலைமுறையாகப் படைத்தலைமை வேறு அந்த வீட்டிலேயே இருந்தது. 961-ல் கிரீட் தீவையும் மறு ஆண்டு சிரியாவின் அலெப்போவையும் பிடித்த நிக்கெபோரஸின் வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 927-28 பஞ்சத்தில் உழவர்கள் தானியத்துக்காக நிலத்தை விற்றார்கள், பெரிய வீடுகள் வாங்கிக் குவித்தன. அதைத் தடுக்க வந்த சட்டத்தை 967-ல் தளர்த்தியவர் இதே நிக்கெபோரஸ்தான். தானியம் அருகிய நாளில் லியோ அதை விற்றுக் கொள்ளை லாபம் பார்த்தார் என்று ஊரே பேசியது. தலைநகரத் தெருவில் மக்கள் பேரரசர் மீதே கல்லெறிந்தார்கள். என்னைக் கேட்டால், சரிவு அந்தக் கல்லில் தொடங்குகிறது.

பார்தாஸை எதிர்க்க, பேரரசர் இரண்டாம் பசில் கீவிலிருந்து 6,000 வீரர்களை வரவழைத்தார். 989-ல் அபிடோஸ் களத்தில் பசிலை நோக்கிப் பாய்ந்த பார்தாஸ், திடீரென்று தடுமாறி, குதிரையிலிருந்து இறங்கித் தரையில் படுத்து இறந்தார். பசில் தியோபானோவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகன்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் கொலை நடந்தபோது அவருக்குப் பதினோரு வயது. 996-ல் அவர் போட்ட சட்டம், ஏழைகளிடம் வாங்கிய நிலத்தை, எத்தனை வருடம் ஆண்டனுபவித்திருந்தாலும், ஈடு இல்லாமல் திருப்பித் தரச் சொன்னது. பார்தாஸின் மகன் 1022-ல் கடைசியாகக் கலகம் செய்து பார்த்தார். கூட்டுச் சேர்ந்தவர்களே அவரைக் கொன்றார்கள்.