காற்றாலை நிவாரணம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: எண்ணூர் குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஃபைபர் படகு. நம் கடலில் காற்றாலை வரப்போகிறது, நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று ஒருவர் ஆதார் நகல், கையெழுத்து, 2,000 ரூபாய் கேட்கிறார். ஊரில் பாதிப் பேர் காற்றாலையே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி, பணமும் தராதீர்கள். கடல் காற்றாலைக்கென்று தமிழ்நாட்டில் ஒன்றிய அரசு குறித்திருப்பது மன்னார் வளைகுடாப் பக்கம். காற்று அங்கேதான் வலு. 2024-ல் அறிவித்த மானியமும் தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500 என்ற அளவுக்குத்தான். எண்ணூருக்கு இப்போது நிவாரணப் பட்டியல் போட வேலையே இல்லை.

பணத்தைவிட அந்தக் கையெழுத்துதான் எனக்குக் கவலை. வேறொரு திட்டத்தில், வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கிய தாள் பிறகு 'ஊர் சம்மதம்' என்று கோப்பில் இருந்ததை நானே பார்த்தேன். தலைப்பில்லாத தாள், பாதி காலியான தாள், படிக்கத் தெரியாத இங்கிலீஷ் தாள், எதிலும் கை வைக்காதீர்கள். ஆதார் ஜெராக்ஸ் எங்கே கொடுத்தாலும், எதற்காக என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். பெரிய அனல் மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்பே சொல்லிக் கூட்டம் வைக்க வேண்டும். காற்றாலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதாவது, காற்றாலைக்காக ஒரு துறைமுகத்தைப் பெரிதாக்கினால் அதற்குக் கூட்டம் கேட்கலாம். காற்றாலைக்குக் கேட்க முடியாது. புகையில்லாத மின்சாரம் என்பதால் வலை விடுகிறவரைக் கேட்க வேண்டாமா? எத்தனை வருடமாகச் சொல்லியும் இதைத் திருத்தவில்லை.

வேண்டாம் என்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் அப்பியது. அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனம் வீட்டைவிட்டு ஓடியது. இதையெல்லாம் பட்டவர்களுக்குச் சுற்றும் விசிறி மேல் கோபமில்லை. நாம் வலை விடும் இடம் பறிபோனால் யார் கேட்பார்கள் என்பதுதான் பயம். மீனைப் பொறுத்தவரை, தூண் அடிக்கும் நாட்களில் சத்தத்துக்கு விலகும். பிறகு தூணில் சிப்பி பிடித்தால் கூடும்.

அந்த ஆள் மறுபடி வந்தால் அரசாணை எண்ணைக் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ஒன்றாகப் போய்ப் போலீஸில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனித்தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள்.