“இப்பத்தான் இங்க நின்னுட்டிருந்தான், டாக்டர்”

கேள்வி: போன மாதம் எங்கள் தெருவில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று, வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்து இறந்துபோனது, டாக்டர். அம்மா உள்ளே வேலையாக இருந்திருக்கிறார். சத்தமே கேட்கவில்லை என்கிறார். கேட்காமல் எப்படி இருக்கும் என்று எல்லோரும் அவரைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண், ஏழு வயதில் ஒரு பையன். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். நீச்சல் கற்றுக்கொடுத்தால் போதும் என்கிறார்கள் சிலர். பள்ளத்தை மூடினால் போதும் என்கிறார்கள் சிலர். எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தைக்கு வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமா?

பதில்: அந்த அம்மா பொய் சொல்லவில்லை. முதல் வேலையாக இதை உங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மூழ்கும் குழந்தை கத்தாது. கத்த மூச்சு வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் உடம்பு மூச்சை இழுக்கத்தான் பார்க்கும், குரல் கொடுக்கப் பார்க்காது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், கடற்கரையில் தத்தளித்தவர்களைப் படமெடுத்துப் பார்த்து இதை விவரித்தார். தலை முழுவதும் உள்ளே போவதற்கு முன் கிடைப்பது 20 முதல் 60 விநாடிதான் என்றார் அவர். பெரியவர்களுக்கே அவ்வளவுதான். இரண்டு வயதுக் குழந்தை தத்தளிக்கக்கூடச் செய்யாது. அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலையின் கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது தலை முன்னே சாய்ந்து குப்புற விழும். தன்னைத் தூக்கி நிமிர்த்திக்கொள்ளும் பலம் கைகளில் இருக்காது. அதனால்தான் நான்கு விரல் ஆழத் தண்ணீர் கிடக்கிற வாளிகூட ஒரு குழந்தையைக் கொன்றுவிடுகிறது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில் ஒரு நாள், துண்டில் சுற்றிய மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பமே ஓடிவந்தது. பாட்டியின் கையில் அவனுடைய ஒற்றைச் செருப்பு இருந்தது, ஈரமாக. நாங்கள் குழந்தைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. “இப்பத்தான் இங்க நின்னுட்டிருந்தான், டாக்டர்” என்றார், திரும்பத் திரும்ப. அதன் பிறகு இதே வாக்கியத்தை அப்பாக்களிடம், சித்திகளிடம், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது உண்மைதான். குழந்தை இப்போதுதான் அங்கே நின்றிருக்கும். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கைந்து நிமிடம் ஆகிவிட்டால் சேதம் தொடங்கிவிடுகிறது. ஒரு தொலைபேசி அழைப்பு, துணியை எடுத்துப்போட ஒரு நடை, அடுப்பை அணைத்துவிட்டு வரும் நேரம் – இவ்வளவுதான் அந்த நான்கைந்து நிமிடம்.

“இனிமேல் எல்லாரும் கவனமாக இருப்போம்” என்ற முடிவோடு உங்கள் கூட்டம் கலைந்தால் இதனால்தான் எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கும். கவனமாகத்தான் எல்லோரும் இருக்கிறார்கள். வீட்டு வேலை, தண்ணீர் பிடிப்பது, கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் மாமியார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷியால் நாள் முழுவதும் ஒரு குழந்தையின் மேலேயே கண் வைத்திருக்க முடியாது. அவர் கண் விலகும் நேரத்தில் இன்னொருவர் கண் அங்கே இருக்கும்படி ஏற்பாடு செய்வதுதான் நீங்கள் பன்னிரண்டு குடும்பங்களும் செய்யக்கூடிய முதல் வேலை.

கற்பனையாகச் சொல்லவில்லை, இது செய்து பார்த்த வேலை. வங்காளதேசத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் பெரும்பாலும் காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் ஒரு மணிக்குள், அம்மாக்கள் வேலையாக இருக்கும் நேரத்தில்தான் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் கிராமத்திலேயே ஒரு பெண்ணின் வீட்டில் இருபது இருபத்தைந்து குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மையங்களைத் தொடங்கினார்கள். பெயர் ‘ஆஞ்சல்’. வங்காளியில் முந்தானை என்று பொருள். பார்த்துக்கொள்பவர் அதே கிராமத்துப் பெண், உதவிக்கு இன்னொருவர். அந்த மையங்களுக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வீட்டுக்குள் குழந்தையை விட்டுவைக்கும் தடுப்புக் கூண்டையும் கூடவே சோதித்தார்கள். அது இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மரத்தடுப்பைவிட மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் வேலை செய்தது. பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு என்பதை உலக சுகாதார நிறுவனமும் இன்று முக்கியப் பரிந்துரைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

உங்களுக்குக் கட்டிடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். பன்னிரண்டு குடும்பத்தில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். எந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் கை ஓயாமல் இருக்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு, வாசலுக்குக் கதவோ தட்டியோ இருக்கும் ஒரு வீட்டில், இரண்டு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்குச் சம்பளம் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் ஒரு மாதத்தில் நின்றுவிடும். பார்த்துக்கொள்பவர் அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் செய்யக்கூடாது, தொலைபேசியும் கையில் கூடாது. எட்டு ஒன்பது வயது அக்காவிடம் தம்பியை ஒப்படைப்பதைக் கண்காணிப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் குழந்தைதான், தம்பி விழுந்தால் பின்னாலேயே குதித்துவிடும். விசேஷ வீடுகளிலும் இதே ஆபத்து உண்டு. ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் ஒவ்வொருவரும் வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். “இந்த அரை மணி நேரம் குழந்தைகள் உன் பொறுப்பு” என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, பிறகு அடுத்தவரிடம் வாயால் சொல்லி மாற்றுங்கள்.

பள்ளத்தை மூட வேண்டும் என்பவர்கள் சொல்வதும் சரி. அதை இந்த வாரமே செய்துவிடலாம், விவாதமே வேண்டாம். பெரியவர்கள் நான்கு பேர் ஒரு நாள் காலையில் தெருவை நடந்து பாருங்கள். நிமிர்ந்து நின்றபடி இல்லாமல், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். அப்போதுதான் நமக்குக் கண்ணில் படாதது படும். கட்டுமானக் குழி, தரையோடு இருக்கும் தொட்டியின் கழன்ற மூடி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, குளியலறையில் நிரப்பி வைத்த டப். தேவையில்லாததை மண் போட்டு மூடுங்கள். தேவையானதற்குக் குழந்தை தூக்க முடியாத மூடியோ வலையோ போடுங்கள். வாளியை வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். குளத்துக்கோ நீச்சல் குளத்துக்கோ வேலி போடுவதானால் நான்கு பக்கமும் போடுங்கள், தானாக மூடிக்கொள்ளும் கதவோடு. மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் வீட்டின் பின்வாசல் என்று விட்டால் குழந்தை அந்தப் பின்வாசல் வழியாகத்தான் போகும்.

நீச்சல் உங்கள் ஏழு வயதுப் பையனுக்கு. அவனுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் வேகமும் பாணியும் பெரிதல்ல. உதவியில்லாமல் 25 மீட்டர் நீந்தவும், 30 விநாடி அசையாமல் மிதக்கவும், கரையில் நின்றபடியே இன்னொருவருக்கு எதையாவது நீட்டிக் காப்பாற்றவும் தெரிந்தால் போதும் என்பதுதான் வங்காளதேசப் பயிற்சியின் அளவுகோல். இந்த மூன்றில் கடைசியை நான் முதலில் வைப்பேன். நண்பன் மூழ்குவதைப் பார்த்துக் குதித்து, இரண்டு மூன்று பிள்ளைகள் ஒன்றாகப் போவது நடந்துகொண்டே இருக்கிறது. மூழ்குபவரின் பிடி இரும்புப் பிடி. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரையே உள்ளே இழுத்துவிடும். கத்தி ஆள் கூப்பிடு, கம்போ துண்டோ நீட்டு, மிதக்கிற எதையாவது வீசு, நீ இறங்காதே. இதைப் பையனிடம் வாயால் சொன்னால் போதாது, செய்து காட்டிச் செய்ய வையுங்கள். காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றின் மூடியை இறுக்கி, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டி, தண்ணீர் ஓரத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு தடவை பிள்ளைகளே வீசிப் பழகட்டும்.

இரண்டு வயதுப் பெண்ணுக்கு நீச்சல் வகுப்பு தண்ணீர்ப் பழக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் வகுப்புக்குப் போகிறாள் என்ற தைரியத்தில் அவளைத் தனியே விடாதீர்கள். தண்ணீரில் இருக்கும்போது கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். காற்றடைத்த கை வளையங்கள் விளையாட்டுப் பொருள், காற்று இறங்கிவிடும், கழன்றுவிடும். படகென்றால் அளவான லைஃப் ஜாக்கெட்தான். வலிப்பு நோய் உள்ள பிள்ளை எந்த வயதானாலும் தனியாகக் குளத்திலோ டப்பிலோ குளிக்கக்கூடாது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி. வயிற்றை அமுக்காதீர்கள். தலைகீழாகப் பிடிக்காதீர்கள், தோளில் போட்டு ஓடாதீர்கள். நுரையீரலுக்குள் போயிருக்கும் தண்ணீர் நாம் பயப்படுகிற அளவுக்கு அதிகமில்லை. அமுக்கினால் வருவது வயிற்றில் உள்ளது, அது மூச்சுக்குழாய்க்குள் போய் இன்னும் கெடுதல் செய்யும். குழந்தைக்குக் குறைந்திருப்பது மூச்சு. மூச்சைத்தான் கொடுக்க வேண்டும்.

மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பிடித்து முகவாயை மேலே தூக்குங்கள். பத்து விநாடிக்குள் மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். கைக்குழந்தையென்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். முதலில் இரண்டு முறை என்று சில வழிகாட்டுதல்கள், ஐந்து முறை என்று சில. எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம், ஊதுவதில்தான் தொடங்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே, நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 தடவை அழுத்துங்கள். மறுபடி இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது குழந்தை தானாக மூச்சுவிடும்வரை நிறுத்தாதீர்கள். இன்னொருவர் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தனியாக இருந்தால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுத் தொடருங்கள். வாந்தி எடுத்தால் ஒருபக்கமாகத் திருப்பித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மாரடைப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற ‘நெஞ்சை அழுத்தினால் போதும்’ முறை இங்கே போதாது. படித்து வருகிற வேலையும் இல்லை இது. பொம்மையில் அழுத்தி, ஊதிப் பழக வேண்டும். முதலுதவிப் பயிற்சியாளர் ஒருவரை அழைத்து, குழந்தையோடு பகலில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும், பாட்டிகள் உட்பட, கற்றுக்கொள்ளுங்கள்.

பிழைத்த குழந்தை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும், நினைவு தப்பியிருந்தாலோ ஊத வேண்டி வந்திருந்தாலோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இருமல் நிற்காவிட்டாலும், மூச்சு வேகமாக இருந்தாலும், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும் அப்படியே. சில மணி நேரம் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் நாங்கள் வீட்டுக்கு விடுவோம்.

2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது ஆகாத குழந்தை. அத்தனை வீட்டிலும் அம்மாக்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் தெருவில் அந்த அம்மாவைப் பார்க்கப் போகும்போது, “சத்தம் கேட்டிருக்காது, டாக்டரும் அதையே சொல்கிறார்” என்று அவர் காதுபட, பக்கத்தில் நிற்பவர்கள் காதுபடச் சொல்லுங்கள். அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பாருங்கள். அவரைத் தனியாக விடாமல் யாராவது கூட இருங்கள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்பதுபோல் பேசினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூட்டத்துக்கு வர வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். என்றைக்காவது தானாக வந்து உட்கார்ந்தால், அவருக்கும் ஒரு இடம் இருக்கட்டும்.