விமான விபத்தில் சிக்கினால் பிழைக்க வாய்ப்பே இல்லையா? எந்த சீட் பாதுகாப்பானது?

வாய்ப்பு இருக்கிறது, நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகமாகவே. முதல் தடவை ஏறப் போகிறீர்கள் போலிருக்கிறது, அகமதாபாத் செய்தி மனதைவிட்டுப் போயிருக்காது. 2025 ஜூனில் அங்கே விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். மறுக்கவில்லை. ஆனால் 1983 முதல் 2000 வரை அமெரிக்காவில் நடந்த பயணிகள் விமான விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்தபோது, உள்ளே இருந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் உயிர் தப்பியிருந்தார்கள். சின்ன விபத்துகளையும் சேர்த்த கணக்குதானே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆமாம். தீப்பிடித்துச் சேதமான மோசமான விபத்துகளை மட்டும் எடுத்தாலும் பாதிப்பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்.

நான் பல வருடம் கேபின் க்ரூவாக, அதாவது விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

ஒருமுறை வளைகுடாவில் தரையிறங்கி நின்றதும் கேபினுக்குள் புகை. வெளியேறச் சொல்லி கேப்டன் உத்தரவு. பின்கதவு என் பொறுப்பு. வெளியே தீ இல்லை என்று கண்ணாடி வழியாகப் பார்த்து, கதவைத் திறந்து, சறுக்கி இறங்குவதற்கான காற்றடைத்த ஸ்லைடு முழுசாக ஊதி நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே ஆட்களை விட வேண்டும். அதை முடித்துத் திரும்பினால், ஒருவர் மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டு நடைவழியை அடைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். "பெட்டிய விடுங்க சார், குதிங்க!" என்று கத்தினேன். விடவில்லை. பிடுங்கிப் பின்னால் எறிந்துவிட்டு, முதுகில் கைவைத்துத் தள்ளினேன். எல்லோரும் இறங்கினார்கள். அப்புறம் அவர் புகார் கொடுத்தார், லேப்டாப் உடைந்ததாம். நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டது. உயிரோடு இறங்கியதற்கு அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

நான் முரட்டுத்தனமாக நடந்ததாக நினைப்பவர்கள் 1985 மான்செஸ்டர் விபத்தைப் பாருங்கள். விமானம் தரையைவிட்டு எழும்பவே இல்லை, 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். 2016-ல் திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன விமானம் ஓடுபாதையில் மோதியபோது, 300 பேரும் தப்பினார்கள். பலர் கையில் பெட்டி இருந்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். சில நிமிடங்களில் எரிபொருள் தொட்டி வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் வெளியே வந்தார்கள். அங்கே அறிவிப்புக் கருவிகூட வேலை செய்யவில்லை, க்ரூ மெகாஃபோனில் கத்தியே ஆட்களை இறக்கினார்கள்.

இப்படிப்பட்ட வேலையைத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் "டீ, காபி கொடுக்கிற வேலைதானே" என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தீயணைப்பு, புகைக்குள் தவழ்வது, தண்ணீரில் ஆட்களைக் காப்பாற்றுவது என்று பயிற்சியும் பரீட்சையும் திரும்பத் திரும்ப வரும். தேறாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இதை வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, சீட்டுக்கு வருகிறேன். இதுதான் பாதுகாப்பு என்று ஒரு சீட்டும் கிடையாது, விபத்துக்கு விபத்து மாறும். வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் கிடைத்தால் எடுங்கள். எங்கே உட்கார்ந்தாலும் முன்னும் பின்னும் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்கள், புகையில் கண் தெரியாது, கையால் தடவித்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கட்டும். பெல்ட் பக்கிளைத் தூக்கித் திறக்க வேண்டும். பதற்றத்தில் பலர் கார் பெல்ட் மாதிரி பக்கவாட்டில் பொத்தானைத் தேடுவார்கள். உட்கார்ந்ததும் இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள்.