அம்மாவைப் பார்க்க மாதம் எவ்வளவு?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மறதிநோய் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அவரைப் பார்ப்பதற்காக ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். மாதம் எவ்வளவு முடியும் என்று வெளிநாட்டிலுள்ள அண்ணன்மார் கேட்கிறார்கள். எப்படிக் கணக்குச் சொல்வது?
– வாசகி, தர்மபுரம்

பதில்: நீங்கள் விட்ட சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள். அரச ஆஸ்பத்திரியில் கிளினிக் இலவசம் என்பதால் பெரிய செலவில்லை என்றுதான் தூரத்திலிருப்பவர்களுக்குத் தோன்றும். மருந்தைவிட ஆளின் நேரத்துக்குத்தான் இந்த நோயில் காசு போகிறது. மாதத்தில் 4 நாளாவது வேறொருவர் வந்து நிற்க நாட்கூலியும் போடுங்கள். அதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

அடுத்தது பம்பர்ஸ். இரவும் பகலும் கட்டினால் நாளுக்கு 4, மாதம் 120. பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், தேநீர், சாப்பாடு முடிந்த கையோடும் கக்கூசுக்குக் கூட்டிப்போனால் இரவுக்கு மட்டும் 30 போதும். "போகவேணுமா?" என்று கேட்டால் இல்லை என்பார். கையைப் பிடித்து "வாங்கோ அம்மா" என்று நடத்திப் போங்கள். பாவாடைக்கு நாடாவை எடுத்துவிட்டு இலாஸ்ரிக் வையுங்கள். முடிச்சு அவிழ்க்கிற நேரத்தில்தான் பாதி நாள் நனைகிறது.

பம்பர்ஸை மிச்சம்பிடிக்கத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கலும் சிறுநீர்க் கிருமித்தொற்றும் வந்து குழப்பம் ஒரே நாளில் கூடிவிடும். திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டதென்று இருந்துவிடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தைரொயிட் சுரப்பிக் கோளாறாலும் பி12 விற்றமின் குறைவாலும்கூட மறதி வரலாம்; அவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்றும் கிளினிக்கில் கேளுங்கள்.

ஒருமுறைச் செலவில் முதலாவது கிணற்று மூடி. விடியமுன் எழும்பித் தண்ணீர் அள்ளிப் பழகிய கால் இப்போதும் அங்கேதான் போகும். பிறகு படலைக்குக் கொழுக்கி, கக்கூஸ் வழிக்கு இரவு விளக்கு.

70 கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு உண்டு. கிராம அலுவலரிடம் கேட்டு, பிரதேச செயலகத்தில் பதியுங்கள். தான் வைக்கும் கையெழுத்து எதற்கென்று அம்மாவுக்கு விளங்கும் காலத்திலேயே காணி, வங்கி அலுவல்களைச் சட்டத்தரணியிடம் முடியுங்கள். பிந்தினால் மாவட்ட நீதிமன்றம்வரை அலைய வேண்டும்; அதுவும் செலவுதான்.

அம்மா படுக்கையாகிவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட இன்னொரு ஆளும், புண் வராமலிருக்கக் காற்று மெத்தையும் தேவைப்படும். அந்தத் தொகையை அண்ணன்மாருக்கு இப்போதே தனித்தாளில் எழுதி அனுப்புங்கள்.