மீன்கொத்தியைப் படிக்க எந்த குரூப்?

சார், போன வாரம் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "பூச்சி, பறவை என்று வரைந்துகொண்டிருந்தால் சோறு கிடைக்குமா?" அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அன்று முழுதாகப் பேச முடியவில்லை.

அவளுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாயுருவிக் காயை நாலு பக்கத்துக்கு வரைந்திருக்கிறாள். ஓரத்தில், 'அப்பா வேட்டியில் ஒட்டுகிறது, பாலித்தீன் பையில் ஒட்டவில்லை, ஏன்?' என்று ஒரு குறிப்பு. படம் சுமார்தான். அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

1941-இல் சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற இன்ஜினியர், நாயோடு மலைப்பக்கம் போய்விட்டு வந்து, நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். முள் நுனியெல்லாம் குட்டிக் குட்டிக் கொக்கிகள். பிள்ளைகளின் ஷூவில் சர்ரென்று பிரிக்கிறோமே, அந்த வெல்க்ரோ இப்படித்தான் வந்தது. ஆனால் காப்புரிமை கிடைத்தது 1955-இல். கொக்கியைப் பார்த்தது ஒரு நாள் வேலை. அதைத் துணியில் கொண்டுவரத்தான் அத்தனை வருடம். பருத்தி சீக்கிரம் நைந்துபோனது, கடைசியில் நைலான்தான் கைகொடுத்தது.

'பயோமிமிக்ரி' (இயற்கையைப் பார்த்து அதே மாதிரி பொருட்களை வடிவமைப்பது) என்று பெயர் போட்ட டிகிரியைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். முதலில் கையில் ஒரு தொழில் வேண்டும்.

ஜப்பானின் புல்லட் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுரங்கத்துக்குள் நுழையும்போது முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, மறுமுனையில் வெடிச் சத்தமாக வெளிவரும். அக்கம்பக்கத்து ஜனங்கள் புகார் சொன்னார்கள். அந்த ரயில்வேயில் இருந்த எய்ஜி நகாட்சு என்ற இன்ஜினியருக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். மீன்கொத்தி காற்றிலிருந்து தண்ணீருக்குள் அதிகம் சிதறாமல் பாய்வது அவர் நினைவுக்கு வந்தது. உடனே அலகை அப்படியே காப்பி அடித்துவிடவில்லை. வெவ்வேறு வடிவக் குண்டுகளைக் குழாய்க்குள் சுட்டு, அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். அலகு மாதிரி நீண்ட மூக்கோடு 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். பறவை பார்த்தது பொழுதுபோக்கு. அளக்கத் தெரிந்ததுதான் சம்பளம் வாங்கித் தந்தது.

சரி, வழிக்கு வருவோம். அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் கணக்கும் கையில் இருக்கிறது. கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் எடுக்கத் தடையில்லை. ஜேஇஇ மெயின் எழுதினால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இருக்கும் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்.மையும் பார்க்கலாம், வடிவமைப்பும் உற்பத்தியும் சேர்ந்த படிப்புக்கென்றே வந்த இடம் அது. நேராக பி.டெஸ். (டிசைன் இளங்கலை) என்றால் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வு இருக்கிறது, அகமதாபாத் டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.யின் (NID) நுழைவுத்தேர்வு இருக்கிறது (திருச்சி என்.ஐ.டி. (NIT) வேறு, பாதிப் பெற்றோர் குழம்புவது இங்கேதான்). யூசீட் வழக்கமாக ஜனவரியில் வந்துவிடும், விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே. பொதுத்தேர்வு முடியட்டும் என்று இருந்தால் அந்த வருடம் போச்சு.

என்னைக் கேட்டால், இவளுக்கு பி.இ. மெக்கானிக்கல், அப்புறம் சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெஸ். (டிசைன் முதுகலை). வரைவதைவிடக் குடைந்து கேட்பது இவளுக்கு நன்றாக வருகிறது. அவள் பி.டெஸ். என்றே நின்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்; ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது கை வரைந்து பழக வேண்டும்.

அடுத்த தடவை வரும்போது அந்தப் பாலித்தீன் கேள்விக்கு விடை கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீட் கோச்சிங்குக்கு நீங்கள் கட்டிய அட்வான்ஸைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.