கண்ணாடியில் தெரியும் படத்தை நம்பி முதுகில் ஸ்க்ரூ போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. கீழ் முதுகில் எலும்பு நழுவியிருக்கிறது, ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். டாக்டர் 'மிக்ஸ்டு ரியாலிட்டி' கண்ணாடி அணிந்து செய்வாராம். கம்ப்யூட்டர் படத்தை நம்பலாமா? புதுக் கருவியை அம்மாவை வைத்துப் பழகிக்கொள்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் படம் கம்ப்யூட்டர் கற்பனையாக வரைவது இல்லை. அம்மாவின் சொந்த சிடி ஸ்கேன்தான் அது.

ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்பக்கமும் 'பெடிக்கிள்' என்று இரண்டு குறுகிய எலும்புத் தூண்கள் உண்டு. ஸ்க்ரூ அதற்குள்ளேயே போக வேண்டும். உள்பக்கம் விலகினால் நரம்புக் கால்வாய், கீழே விலகினால் காலுக்குப் போகும் நரம்பு வேர். வழக்கமாக சி-ஆர்ம் எக்ஸ்ரேயை, அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே எடுக்கும் எக்ஸ்ரேயை, திரையில் பார்த்துப் பார்த்துப் போடுவோம். கை முதுகில் இருக்கும், கண் திரையில் இருக்கும். இந்தக் கண்ணாடியை அணிந்தால் ஸ்கேன் படம் முதுகின் மேலேயே, எலும்பு இருக்கும் இடத்தில் தெரியும். அமெரிக்காவில் ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷன் என்ற இந்த வகைக் கருவிக்கு 2019 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இப்படி ஒரு நோயாளியின் முதுகெலும்பில் 6 ஸ்க்ரூக்கள் வைத்தார்கள்.

படம் சரியான இடத்தில் விழுவதற்காக முள்ளெலும்பில் ஒரு கிளாம்ப் (கவ்வி) பொருத்தி, அதில் அடையாளக் குறி வைப்பார்கள். கேமரா அந்தக் குறியையும் டாக்டர் கையிலுள்ள கருவியையும் விடாமல் கவனிக்கும். பலவீனமும் இங்கேதான். யார் கையாவது பட்டு கிளாம்ப் அசைந்துவிட்டால், படமும் நிஜ எலும்பும் பொருந்தாது. அப்போதும் படம் என்னவோ பளிச்சென்றுதான் தெரியும்! அதனால், தெரிந்த ஓர் எலும்பு முனையைக் கருவியால் தொட்டு, படத்திலும் கருவி அதே முனையில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஸ்க்ரூ போட்ட பிறகு எக்ஸ்ரேயிலும் பார்க்க வேண்டும்.

எலும்பு உருமாறாது என்பதால் முதுகு ஆபரேஷனுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. கல்லீரல், குடல் எல்லாம் மூச்சு விட்டாலே நகரும். சென்னை ஜெம் மருத்துவமனையில் 2024-ல் ஆப்பிள் விஷன் ப்ரோ என்ற கண்ணாடியை அணிந்து லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், செய்தார்கள். அதில் கேமராப் படமும் ஸ்கேனும் டாக்டரின் கண்ணெதிரே வருகின்றன. அது வேறு வகைப் பயன்பாடு.

பழகுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் கிளீவ்லேண்ட் கிளினிக்கும் சேர்ந்து ஹோலோலென்ஸ் என்ற இதே மாதிரிக் கண்ணாடியில் உடற்கூறியல் பாடமே உருவாக்கியிருக்கின்றன. மாணவர்கள் ஓர் உறுப்பைச் சுற்றி நடந்து, உள்ளே புகுந்து பார்க்கலாம். இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். ஆனால் எலும்பில் துளை போடும்போது கெட்டியாக இருந்தது திடீரென்று மெத்தென்று ஆவதைக் கைதான் உணர வேண்டும். அந்தக் கைப்பழக்கம் மாதிரி எலும்பிலும், தானமாக வந்த உடல்களிலும், மூத்த டாக்டர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவதிலும்தான் வரும்.

அதனால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இந்தக் கண்ணாடியோடு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? ஸ்க்ரூவை நீங்களே போடுவீர்களா? நடுவில் கருவி நின்றுவிட்டால் பழைய முறையில் முடிப்பீர்களா? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

அப்புறம், இதையெல்லாம்விட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: அம்மாவுக்கு ஆபரேஷன் அவசியமா? எலும்பு நழுவிய பலருக்கு மருந்தும் பிசியோதெரபியுமே போதும். ஸ்க்ரூவை எங்கே போடுவது என்பதற்குக் கண்ணாடி உதவும். போடத்தான் வேண்டுமா என்பதை அம்மாவின் வலி, நடை, கால் பலம், எம்ஆர்ஐ ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சந்தேகம் இருந்தால் இன்னொரு முதுகெலும்பு நிபுணரிடமும் காட்டுங்கள். இதற்கிடையில் பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் சிறுநீர் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.